எட்டேகால் மணிக்குப் போட்ட ஓட்டு

"இந்த ஜொகூர் மாநிலத்துல எழுதின புஸ்தகத்துலயே பொய் இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்க்கா. அது என் டைரி!"

தேன்மொழி இப்படி முழங்கியபோது அவள் கையில் வெங்காயம் இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆகவே அந்த முழக்கத்தில் உணர்ச்சி எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு என்று வரலாற்றால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடம், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் பின்பக்கச் சமையற்கட்டு. கேட்டுக்கொண்டிருந்தவர் இன்பராணி. அந்தக் கேட்டரிங் கடையின் முதலாளி, ஐம்பத்தைந்து வயது, ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர்.

"ஒண்ணே ஒண்ணா? அப்ப பைபிளு?" என்று இன்பராணி கரண்டியை ஓங்கினார்.

"அலமாக், அக்கா! பைபிள் ஜொகூர்லயா எழுதுனாங்க? நான் நம்ம ஊர்க் கணக்கச் சொல்றேன் லா."

"அப்படின்னா சரி."

"அம்மாகிட்ட பொய் சொல்லுவேன். வாடகைக்கு விட்டவன்கிட்ட சொல்லுவேன். உங்ககிட்டகூடச் சொல்லுவேன். போன வாரம் வயித்து வலின்னு லீவு போட்டேனே, அது பொய். ஆனா டைரில ஒரே ஒரு வரி பொய் இருக்குன்னு காட்டுங்க, அன்னிக்கே எழுதறத விட்டுர்றேன்."

இன்பராணி போன வாரத்து லீவைப் பற்றி மட்டும் சற்று நேரம் தனியாகப் பேசினார். அது இங்கே தேவையில்லை.

அந்த மகத்தான நூல், ஒரு சட்டமன்ற உறுப்பினர் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். தேன்மொழி எதை எழுதினாலும் சிரிப்பார். "இன்று மிகவும் அவமானமாக இருந்தது" என்ற வரிக்குப் பக்கத்திலும் அதே சிரிப்புதான். மக்கள் குறையை அவர் இவ்வளவு அருகில் இருந்து, எழுந்து போகாமல் கேட்டது அந்த டைரியில் மட்டும்தான் என்பது தொகுதியில் யாரும் மறுக்காத உண்மை.

எழுதச் சொன்னது ஓர் ஆலோசகர். தேர்தல் தேதியை அறிவித்ததுமே தேன்மொழிக்குத் தூக்கம் போய்விடும், தாடை இறுகும், சாதம் உள்ளே இறங்காது. மற்றவர்களுக்கு முடிவு வெளியான பிறகு வரும் வியாதி அவளுக்கு மட்டும் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். கோலாலம்பூரில் திருநங்கைகளுக்கு உதவும் சங்கம் ஒன்றிலிருந்து கைப்பேசியில் பேசிய அந்தப் பெண், "மனசுல அடச்சு வைக்காதீங்க, எழுதுங்க. என்ன நடந்துச்சு, என்ன தோணுச்சு, உடம்புல எங்க வலிச்சுச்சு. தினம் இந்த மூணு கேள்வி போதும்," என்றார்.

தேன்மொழி சொன்ன மருந்தைச் சொன்னபடி சாப்பிடும் ரகம். வேட்புமனுத் தாக்கல் அன்று எழுதினாள்:

"என்ன நடந்தது: ஐந்து மூட்டை அரிசி இறக்கினேன். என்ன தோன்றியது: ஒன்றும் இல்லை. எங்கே வலித்தது: இடுப்பு. இது தேர்தலால் அல்ல, அரிசியால்."

உண்மைக்கு அவள் கொடுத்த மரியாதை அப்படிப்பட்டது.

அவளுடைய தேர்தல் வியாதிக்குக் காரணம் ஒரு பெயர். அடையாள அட்டையில் இருக்கும் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. அதை உரக்கப் படிப்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்திருக்கும்போது நாம் வேறு எதற்கு? வாக்களிக்கும் அறைக்குள் நுழைந்ததும் அவர் அட்டையை வாங்கி, பெயரையும் எண்ணையும் அறை முழுக்கக் கேட்கும்படி படிப்பார். கட்சி ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி ரூலர் வைத்துக் கோடு போடுவார்கள். ஓட்டு இரகசியம், பெயர் பகிரங்கம். போதாததற்கு, வாக்காளர்களை வயது வாரியாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அறை கொடுப்பார்கள். சாலுரான் என்று அதற்குப் பெயர். அதனால் சொந்த ஊரான காஹாங்கில் தேன்மொழி நிற்கும் வரிசையில், அவளோடு ஒன்றாம் வகுப்பில் அழுதவர்கள் அத்தனை பேரும் நிற்பார்கள். பழைய மாணவர் சந்திப்பை இவ்வளவு ஒழுங்காக, அரசாங்கச் செலவில் நடத்தும் நாடு வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

முதல் முறை அவள் தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்து, தொளதொளச் சட்டையில் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் முறை சுடிதாரில் போனாள். குமாஸ்தா பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். அவள் கையைத் தூக்கினாள். ஓர் ஏஜெண்டு சிரித்த சிரிப்பில் ரூலர் கீழே விழுந்தது. அன்றைக்கு எந்தச் சின்னத்துக்கு நேரே குறி போட்டாள் என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை; ரூலர் விழுந்த சத்தம் நினைவிருக்கிறது.

வாழ்க்கையின் மிக இன்பமான தேர்தல் கோவிட் காலத்தில் வந்தது. எல்லார் முகத்திலும் முகக்கவசம். குமாஸ்தா அதற்குள் முனகியது பெயரா, இருமலா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒரு பெருந்தொற்று ஜனநாயகத்துக்குச் செய்த தொண்டை அறிஞர்கள் யாரும் இன்னும் சரியாக எழுதவில்லை.

"அட்ரஸ பெர்மாஸுக்கு மாத்திக்கிட்டா இங்கயே போட்டுறலாம்ல? அங்க போயி ஏன்டி அவதிப்படற?" என்று இன்பராணி கேட்காத தேர்தல் இல்லை.

"மாத்தணும்க்கா," என்பாள் தேன்மொழி. உண்மைக் காரணம் டைரியில் இருந்தது. காஹாங்கில் ஒரு கட்சிக்காரர் எப்போதோ காட்டிய பட்டியலில், அந்த வீட்டு எண்ணுக்கு நேரே நான்கு பெயர்கள் இருந்தன. அம்மா தனலெட்சுமி, அவள், தம்பி குணாளன், தங்கை லோஷினி. அவள் அந்த வீட்டுப் படியை மிதித்துப் பதினோரு வருடம் ஆகிறது. மாநிலத்தில் வேறு எங்கும் சேர்ந்திராத அந்த நால்வரும், வாக்காளர் பட்டியலில் மட்டும் இன்னும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். "மாற்றினால் மூன்று ஆகிவிடும்," என்று எழுதியிருந்தாள். சட்டமன்ற உறுப்பினர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தேர்தலில் கடைக்கு நல்ல ஆர்டர். இரண்டு கூட்டணிகளுக்கும் ஒரே சட்டியில் கிளறிய மீ கோரிங் நூடுல்ஸ்தான் போனது. மேடைக்கு மேடை கொள்கை மாறினாலும் சம்பல் மாறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பிரசாரக் கூட்டம் ஒன்றுக்குப் பொட்டலங்களைக் கொண்டுபோய்ப் பின்வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைய டைரி:

"என்ன நடந்தது: மேடையில் ஒருவர், 'அந்த மாதிரி ஆளுங்களை இப்படியே விட்டால் நம்ம பிள்ளைங்க கதி என்ன?' என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். பலர் கையில் நான் கொடுத்த பொட்டலம் இருந்ததால் தட்டச் சிரமப்பட்டார்கள். ஒரு அம்மா, 'இதைக் கொஞ்சம் பிடிம்மா' என்று பொட்டலத்தை என்னிடமே கொடுத்துவிட்டுத் தட்டினார். என்ன தோன்றியது: எல்லாப் பொட்டலத்திலும் முட்டை வைத்துக் கட்டினோமே என்று. எங்கே வலித்தது: தொண்டை."

மறுநாள்: "மற்றக் கூட்டணி எங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்காகவே அவர்களுக்குப் போடப்போகிறேன்."

வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மா கூப்பிட்டார். பண்டிகைக்கு ஒரு தடவை, யாராவது செத்தால் ஒரு தடவை கூப்பிடுகிறவர்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஓட்டுப் போட வரியா?"

"வருவேன். எப்பவும் வர்றதுதானே."

"இல்ல... குணா இந்தத் தடவ உள்ள உக்கார்றான். ஏஜெண்டா. ஒன் சாலுரான்லதான் போட்டிருக்காங்களாம்."

தேன்மொழி கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"லோஷினிக்கு ஒரு எடம் பேசியிருக்கு. மாப்பிள்ளையோட மாமாவும் அங்கதான் உக்கார்றாரு. அவரு வேற கட்சி. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துச் சேரு."

"நல்லதும்மா. ரெண்டு கட்சியும் சம்பந்தி ஆகட்டும். நாடு உருப்படும்."

"வெளையாடாத. அவங்ககிட்ட, மூத்தவன் ஆஸ்திரேலியாவுல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கு."

"அங்க என்ன வேல பாக்கறேன்?"

அம்மா தயங்கினார். "தோட்டத்துல. பழம் பறிக்கிற வேல."

"எஞ்சினியர்னு சொல்லியிருக்கலாம்லம்மா. பொய்தானே, கொஞ்சம் நல்ல சம்பளமா சொல்லக்கூடாதா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா மெல்ல, "நான் வராதேன்னு சொல்லல," என்றார்.

"சொல்லலம்மா."

அன்றைய பக்கத்தில் "எங்கே வலித்தது" என்பதற்கு எதிரே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அது மருத்துவர்களுக்கு மட்டும் பயன்படும். அதன் அடியில், "ஓட்டு என்னுடையது. பெயர்தான் என்னுடையது இல்லை. போவேன்," என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு இன்பராணி கடையைப் பூட்டிவிட்டு, தம் சின்னக் காரை எடுத்தார். தம் ஓட்டைச் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்றார். எட்டு மணிக்கு நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. எட்டேகாலுக்கு இன்பராணி ஜெபமாலையைக் கையில் எடுத்தார். தேன்மொழி கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சின்னதாக மாற்றினாள். குளுவாங் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காஹாங் வந்தபோது மணி ஒன்பதரை.

அவள் படித்த பள்ளிக்கூடம்தான் வாக்களிப்பு மையம். அவளுடைய அறைக்கு வெளியே இருபது பேர் நின்றார்கள். எல்லாருக்கும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது. வயிறுகள் மட்டும் சீனியர். அவளுக்கு முன்னால் நின்றவன், தோளில் தூங்கும் குழந்தையோடு திரும்பிப் பார்த்தான். யுகேந்திரன். இரண்டாம் வகுப்பில் அவளுடைய அழிரப்பரைத் தின்றவன்.

"அக்கா, வெயில்ல நிக்காதீங்க, இப்படி நெழலுக்கு வாங்க," என்றான்.

"பரவால்ல தம்பி."

"எந்த லைன் வீடுக்கா நீங்க? பாத்த மொகமா இருக்கு."

"ஜேபி, பெர்மாஸ்ல இருக்கேன்," என்றாள். அதுவும் பொய் இல்லை.

திறந்த ஜன்னல் வழியாகக் குணாளன் தெரிந்தான். பத்தொன்பது வயதில் விட்டுவந்த தம்பிக்கு இப்போது முப்பது. முன்நெற்றி ஏறியிருந்தது, அப்பாவுக்கும் இப்படித்தான். கட்சிச் சட்டையில்லாமல் வெள்ளைச் சட்டையில், வலது கையில் ரூலர். பக்கத்து நாற்காலியில் மீசை வைத்த பெரியவர் ஒருவர் அவன் பக்கம் கச்சான் கடலைப் பொட்டலத்தை நகர்த்தினார். எதிரெதிர்க் கட்சிகள். ஒரே கச்சான். குமாஸ்தா ஒரு பெயரைப் படித்தார். குணாளன் அந்த ஆளைப் பார்க்க நிமிர்ந்தான். ஜன்னலில் அவளைப் பார்த்தான்.

ரூலர் விழவில்லை. அதைக் கவனமாக மேசையில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் மாற்று ஏஜெண்டு வந்து நாற்காலியில் உட்கார, இவன் வெளியே வந்து, குழாயடிக்குப் போய் நின்று முகம் கழுவினான். தேன்மொழி வரிசையை விட்டு அங்கே போனாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றான், குழாயைப் பார்த்து.

"டேய் குணா. எப்பலேர்ந்துடா எனக்கு நீங்க, வாங்க?"

"தெரியல. வாயில அப்படித்தான் வந்துச்சு."

"பரவால்ல. அம்மா வாயில அதுகூட வர்றதில்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "காலைல எட்டேகாலுக்கே கோடு போட்டுட்டேன்," என்றான்.

"எதுல?"

"உங்க பேர்ல. என் லிஸ்ட்டுல."

"நான் வரவே இல்லயேடா!"

"அதான். பத்து மணிக்கு லிஸ்ட்டு கட்சி ஆபீஸுக்குப் போகும். கோடு இல்லாத பேருக்கெல்லாம் வீட்டுக்குக் காரு அனுப்புவாங்க. 'மூத்தவரு எப்பவும் ஜேபிலேர்ந்து வந்துருவாரே, ஏன் வரல'ன்னு கேப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னிக்கு நம்ம வீட்லதான் உக்காந்திருக்காங்க. அம்மா என்ன சொல்லும்? அதான் வந்துட்டுப் போனதா நானே போட்டுட்டேன். நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"அந்த மாமா கேக்கலயா?"

"அவரு எட்டரைக்குத்தான் வந்தாரு. என் லிஸ்ட்டப் பாத்து அவரு லிஸ்ட்டுலயும் கோடு போட்டுக்கிட்டாரு. 'ஆஸ்திரேலியாக்காரரு வந்தாரா'ன்னாரு. வந்து போட்டுட்டு நேரா ஏர்போர்ட்டு போயிட்டாருன்னேன். ரொம்ப நல்ல பையன்னு சொன்னாரு."

ஆக, அந்தத் தொகுதியில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் தேன்மொழி ஓட்டுப் போட்டுவிட்டாள் என்பதுதான். தேர்தல் ஆணையம் மட்டும் இன்னும் அறியவில்லை.

"குமாஸ்தா புக்குல கோடு இல்லதானே?" என்றாள்.

"இல்ல. சட்டப்படி நீங்க போடலாம்."

"நான் உள்ள போனா?"

"பேரக் கூப்பிடுவாங்க. மாமா லிஸ்ட்டப் பாப்பாரு. உங்களப் பாப்பாரு. பேய் வாக்காளர்னு கத்துவாரு. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் போட வந்துட்டாங்கன்னு." குணாளன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "அப்புறம் என்னையக் கேப்பாங்க."

"நீ என்ன சொல்லுவ?"

அவன் குழாயைத் திருகி மூடிவிட்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "என் வீட்டு ஆளுன்னு சொல்லுவேன்," என்றான். "கண்டிப்பா சொல்லுவேன்."

சொல்லுவான். அது அவளுக்குத் தெரிந்தது. அவன் மாட்டேன் என்றிருந்தால் அந்தக் கோபத்திலேயே உள்ளே போயிருப்பாள்; வரிசையைப் பிளந்துகொண்டு போயிருப்பாள். அவன் சொல்லுவேன் என்றதுதான் காலைக் கட்டிவிட்டது. தங்கையின் கல்யாணம், அம்மாவின் ஆஸ்திரேலியா, மேசைமேல் பாதி தின்ற கச்சான், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

"போடாதீங்கன்னு நான் சொல்லல," என்றான் குணாளன்.

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் எதையும் செய்யாதே என்று சொல்வதில்லை. அவ்வளவு நாகரிகமான குடும்பம்.

"போ. ஒன் சேர்ல ஒக்காரு. பேர் சரியாக் கேட்டுக் கோடு போடு," என்றாள் தேன்மொழி. அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த தண்ணீரைத் துடைக்கக் கை எழுந்தது. வரிசை பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு இறங்கிவிட்டது.

திரும்பி நடந்தபோது யுகேந்திரன், "என்னக்கா, போடலயா?" என்றான்.

"ஐசி கார்ல இருக்கு தம்பி." அந்த அடையாள அட்டை அவள் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் வாங்க. ஒங்க எடத்த நான் புடிச்சு வைக்கிறேன்."

எவ்வளவு நேரம் பிடித்து வைத்தான் என்பது தெரியாது.

காரில் இன்பராணி அவளுடைய இடதுகைச் சுட்டுவிரலைப் பார்த்தார். மை இல்லை. கேள்வி எதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். ஊர் எல்லை வரைக்கும் மாதாவிடம் முணுமுணுவென்று ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு கட்சிகளின் பெயரும் அடிபட்டது போலிருந்தது. குளுவாங்கில் ஒரு காப்பிக்கடை முன்னால் நிறுத்தி, "கோப்பி வாங்கியாறேன். ஒக்காரு," என்று இறங்கிப் போனார். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் வருகிறவர், அன்றைக்குக் கண்ணாடிக்கு உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

தேன்மொழி டைரியைத் தொடைமேல் விரித்தாள். மணி பத்தே முக்கால். எதிரே சாலையில் விரலில் மையோடு ஒரு குடும்பம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பேனாவைத் திறந்து, ஒரு தடவை எழுதி அடித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். பிறகு அடித்தல் திருத்தல் இல்லாமல், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதினாள்:

"என்ன நடந்தது: எட்டேகாலுக்கு ஓட்டுப் போட்டேன். கூட்டம் இல்லை. பெயரை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள், மெதுவாக. குணா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கோடு போட்டான்.

என்ன தோன்றியது: நன்றாக இருந்தது.

எங்கே வலித்தது: எங்கேயும் இல்லை."